மெழுகின் மேல் போட்ட தூசி

என் பெயரும் முழு முகவரியும் தனித்தாளில் இருக்கின்றன. எனக்குப் பதினெட்டு வயது முடியாததால் அவற்றை இந்தத் தாளில் எழுத வேண்டாம் என்று ஆய்வாளர் அம்மா சொன்னார். என் வயது பதினேழு. ஒன்பதாம் வகுப்பு வரை போனேன், முழுப் பரீட்சை எழுதவில்லை. ரயில் பாதைக்குப் பின்புறத் தெருவில் கடைசி வீட்டில், கார் கொட்டகையை ஒட்டிய இரண்டு அறைகளில் அப்பாவோடும் அம்மாவோடும் வசிக்கிறேன். பழைய கார்களை ஏலம் விடும் கூடத்தில் ஒரு வருடம் நான்கு மாதம் வேலை செய்தேன். இன்று காலை எட்டரை மணிக்கு அம்மாவுடன் இந்த நிலையத்துக்கு வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாக வந்தேன்.

முதலில் வாயால் சொல்லச் சொன்னார்கள். எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தார். எனக்குக் குரல் வரவில்லை. இரண்டு முறை தண்ணீர் கொடுத்தார்கள், இரண்டு முறையும் குடித்தேன். அதன் பிறகு அம்மா, "அவ கையில தாளைக் குடுங்க சார், எழுதிடுவா. பேசணும்னா சாயங்காலம் ஆயிடும்" என்று சொன்னதால் நானே எழுதுகிறேன்.

நான் கொண்டுவந்து மேசைமேல் வைத்த பொருள்கள்: மாவு சலிக்கும் சல்லடை ஒன்று, மூடி போட்ட தகர டப்பா மூன்று, தண்ணீர் தெளிக்கும் குப்பி ஒன்று, தீர்ந்துபோன மெழுகு பாலிஷ் டப்பா ஒன்று. எழுத்தர் முதல் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு நான்கு முறை தும்மினார். "என்னம்மா இது?" என்று கேட்டார். தூசி என்று எழுதிக் காட்டினேன்.

நேற்று மாலை என் அப்பா இதே நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஓட்டல் முதலாளி ஏலத்தில் எடுத்த வெளிர் நீலக் காரை இருபத்திரண்டு வருடம் தொடாமல் பூட்டி வைத்திருந்ததாகத் தானே ஏலக்காரரிடம் பொய் சொன்னதாகவும், அதை நம்ப வைக்கத் தன் கையாலேயே தூசி போட்டதாகவும் அதில் இருக்கிறது. இன்று பிற்பகல் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அப்பா சொன்னது உண்மை இல்லை. அவர் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் காருக்குத் தூசி போட்டவள் நான். எப்படி என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு, ஒரு பெண் மருத்துவர் இறந்த பிறகு அவர் வீட்டாரிடமிருந்து அப்பா அந்தக் காரை வாங்கினார். அப்போதே அது பழைய கார்தான். உடம்பு வெளிர் நீலம், கூரை மட்டும் வெள்ளை. அதை வாடகைக்கு ஓட்டினார். ரயிலடிக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போய் வந்தது. நான் பிறந்தபோது என்னையும் அம்மாவையும் அதில்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தார். குலுங்கிவிடக் கூடாது என்று அவர் ஓட்டிய வேகத்தைப் பார்த்து, பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்து, திட்டிவிட்டு முந்திக்கொண்டு போனாராம். "பச்சை உடம்போட நடந்தே வந்திருந்தாக்கூட முன்னாடியே வந்து சேர்ந்திருப்பேன்" என்று அம்மா இன்னும் சொல்வார்.

அந்தக் காரின் பின் இடது கதவை லேசாகத் தூக்கித்தான் சாத்த வேண்டும். தெரியாதவர்கள் இரண்டு முறை, மூன்று முறை அறைவார்கள். அதனால் வாடகைக்கு வருபவர்கள் ஏறியதும் அப்பா இறங்கிப்போய்த் தானே கதவைச் சாத்துவார். அதை மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வந்து சாத்தட்டும் என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் காரைக் கழுவுவார். இரண்டு வாளி வைத்துக்கொள்வார். ஒன்று மேலே கழுவ, ஒன்று சக்கரத்துக்கு. சக்கரத் துணி தெரியாமல் மேலே பட்டுவிட்டால் அதைப் பிழிந்து தூரப் போட்டுவிட்டு வேறு துணி எடுப்பார். அதன் பிறகு நிழலில் நிறுத்தி, மெழுகு டப்பாவைக் காசால் நெம்பித் திறந்து, பழைய பனியன் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். விளக்குகளின் ஓரத்துக்குத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக்கொள்வார். அந்த மெழுகு வாசனை மதியம் வரை அவர் சட்டையில் இருக்கும். நான் எழுந்து வரும்போது அந்த வாசனை வந்தால், இன்றைக்குப் பள்ளி இல்லை என்று தெரிந்துகொள்வேன்.

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். பெரிய மழை வந்தால் பாத்திரங்களை ஒழுகும் இடங்களில் வைத்துவிட்டு மூன்று பேரும் கொட்டகைக்குப் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வோம். அம்மா பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு தைப்பார். இருக்கை உறைகள் எல்லாம் அப்படித் தைத்தவைதான். நான் கேட்டால் அப்பா வைப்பரைப் போட்டுக் காட்டுவார். கொட்டகைக்குள் மழை விழாததால் அது காய்ந்த கண்ணாடியில் கீச்கீச்சென்று போய் வரும். "ரப்பர் தேயுது" என்று அம்மா சொல்வார். "தேயட்டும், அம்மாடி பார்க்கிறா" என்று அப்பா சொல்வார்.

பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு வராது. எழுத்துத் தெரியும், பொருள் தெரியும், ஆனால் தொண்டை அடைத்துவிடும். அதனால் சாயங்காலம் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து, நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, வாய்விட்டு வாசித்துப் பழகுவேன். அங்கே எனக்குக் குரல் வரும். பல நாள் அப்பா முன் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்று நினைப்பேன். ஒரு பக்கம் விட்டுவிட்டுப் புரட்டினால், "நடுவுல ஏதோ போச்சே" என்பார். வகுப்பறையில் ஏற்றிக்கொள்ள அப்படிக் கண்ணாடி எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ஒரு முழுப் பாட வேளையும் என்னை நிற்க வைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து நான் போகவில்லை.

அதே வருடம் அப்பாவுக்கு வலது கண்ணில் செய்த அறுவை சரியாக வரவில்லை. உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு கார் தெருவுக்கு வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கழுவுவதை அவர் நிறுத்தவில்லை. தினமும் காலையில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாது என்று கொட்டகைக்குள்ளேயே ஒரு முழம் முன்னால், ஒரு முழம் பின்னால் நகர்த்தி நிறுத்துவார். ஆகவே அந்தக் கார் இருபது வருடம் ஓடியது, இரண்டு வருடம் நின்றது. கிடந்தது என்று சொல்ல ஒரு நாளும் இல்லை.

அதன் பிறகு நான் ஏலக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பேச வேண்டியதில்லை என்று சொன்னதால்தான் சேர்ந்தேன். முதலில் கார்களைத் துடைக்கும் வேலை என்றுதான் சொன்னார்கள். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரே மாதிரி இரண்டு கார்கள் ஏலத்துக்கு வந்தன. ஒன்றை நான் இரண்டு நாள் துடைத்து வைத்தேன். மற்றதைத் துடைக்க நேரம் இல்லாமல் தூசியோடு விட்டார்கள். துடைத்த காரை யாரும் கேட்கவில்லை. தூசிக் கார் நான்கு மடங்குக்குப் போனது. அன்றைக்கு ஏலக்காரர் என்னையும் அங்கே வேலை செய்த பெயிண்டர் அண்ணனையும் கூப்பிட்டு, "துடைச்ச வண்டியைப் பார்த்தா விலை கேக்குறான். தூசி வண்டியைப் பார்த்தா கதை கேக்குறான். கதைக்குத்தான் காசு. புரியுதா பாப்பா? இனிமே துடைக்காத" என்றார். "அப்ப இவளுக்கு என்ன வேலை?" என்று அண்ணன் கேட்டார். "அதே வேலைதான், தலைகீழா" என்றார் ஏலக்காரர்.

அப்படித்தான் தூசி போடும் வேலை தொடங்கியது. வெளியே சொல்ல வேண்டாம் என்றார்கள். நான் யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்பதால் அது கஷ்டமாக இல்லை. பெயிண்டர் அண்ணன் என்னை வாயாடி என்று கூப்பிடுவார். "வாயாடி, இன்னைக்கு எத்தனை வார்த்தை ஆச்சு? மூணா? போதும், தொண்டை கட்டிக்கப் போகுது" என்பார்.

செய்முறை இதுதான். முதலில் காரைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய மெழுகு ஒரு பொட்டு இல்லாமல் எடுக்க வேண்டும். மெழுகு இருந்தால் தூசி பிடிக்காது. அதன் பிறகு துணிக்குப் போடும் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, குப்பியால் பனி போலத் தெளிக்க வேண்டும். அது காய்வதற்குள் முதல் டப்பாவில் உள்ளதைச் சலிக்க வேண்டும். அது பழைய கம்பளங்களைத் தட்டி எடுத்தது. இரண்டாவது செங்கல் சூளை மண். மூன்றாவது சாம்பல், அது கடைசியில் லேசாக. கூரையிலும் பானெட்டிலும் கனமாகவும், பக்கங்களில் மெலிதாகவும் விழ வேண்டும். தெரியாதவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போட்டுவிடுவார்கள். தூசி மேலிருந்துதான் விழும் என்பது அவர்களுக்கு நினைவு வராது. எலி வளைக்குப் பழைய பேப்பர்க் கடையில் சரியான வருடத்துச் செய்தித்தாளை எடைக்கு வாங்கிக் கிழித்துப் போடுவோம். ஒட்டடையை அட்டையில் சுற்றி எடுத்து வந்து சக்கரத்தில் ஒட்டுவேன்.

முதல் இரண்டு கார்களுக்குப் போட்டபோது அது அலங்காரம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது காருக்கு அச்சடித்த விவரத்தாளை வாசித்தபோது, முந்தின வாரம் நான் சலித்ததை நாற்பது வருடத் தூசி என்று எழுதியிருந்தார்கள். அது பொய் என்று அன்றைக்கே தெரியும். தெரிந்தும் மேலும் எட்டு கார்களுக்குப் போட்டேன். மொத்தம் பதினொன்று. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன்.

வீட்டில் கார் துடைக்கும் வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அதில் பெருமை. "நம்ம தொழில்ல ஒரு பாதியாவது வந்துட்டா" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வார். ஒருநாள் என் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "இவ்ளோ அழுக்கு வண்டியா வருது?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

மூன்று மாதம் முன்பு ஒரு விடுமுறை நாளில் அவசர வேலை என்று என்னைக் கூப்பிட ஏலக்காரர் வீட்டுக்கு வந்தார். கொட்டகை திறந்திருந்தது. அப்பா காரைக் கழுவி முடித்து மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். ஏலக்காரர் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றி வந்தார். அதன் பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டு, "அடடா, இப்படிப் பளபளன்னு வெச்சிருக்கீங்களே" என்றார். அப்பா சிரித்தார். பாராட்டு என்று நினைத்தார். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர் விலை சொன்னார். குறைவு. "வண்டி ரொம்ப நல்லா இருக்குண்ணே, அதான் பிரச்சினை. இதை யார் வாங்குவா?" என்றார். அப்பாவுக்கு அது விளங்கவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கெடு வைத்திருந்தார். கண் தெரியாதவன் தெருவில் காரை நிறுத்தி என்ன செய்வது என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். நான்கு நாள் யோசித்து ஒத்துக்கொண்டார். விற்பனைத் தாளில் அவர் கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். கையெழுத்துக்கு மேலே பாதித் தாள் காலியாக இருந்தது. இப்போது அந்த இடத்தில், இருபத்திரண்டு வருடம் திறக்காமல் பூட்டி வைத்த வண்டி என்று அச்சடித்திருக்கிறது. அன்றைக்கு அந்த வரிகள் இல்லை. அப்போது நான் வாய் திறந்து, "மேல காலியா இருக்குப்பா" என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தைதான்.

கார் கூடத்துக்கு வந்த மறுநாள் ஏலக்காரர் என்னிடம், "உன் வண்டிதானே, நல்லாப் போடு. மூலை முடுக்கெல்லாம் உனக்குத்தான் தெரியும்" என்றார். பெயிண்டர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வேணா போடட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போட்டுவிடுவார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கூடத்தின் கதவைச் சாத்தினேன். முறைப்படி மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து மெழுகை அகற்ற வேண்டும். துணியை எடுத்தேன். பானெட்டில் வைத்தேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா வட்டம் வட்டமாகத் தேய்த்தது வெளிச்சத்தில் தெரிந்தது. என்னால் முடியவில்லை. துணியைத் திரும்ப வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மெழுகு டப்பாவைத் திறந்தேன். இதோ மேசைமேல் இருக்கும் டப்பா. மீதி இருந்த மெழுகு முழுவதையும் காருக்குப் போட்டேன். அப்பா போடுவதைவிட இரண்டு பங்கு கனமாக. தூசி உள்ளே இறங்கக் கூடாது என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. அதன் பிறகு கஞ்சி தெளித்து, கம்பளத் தூசி, சூளை மண், சாம்பல் மூன்றையும் முறையாகச் சலித்தேன். அம்மா தைத்த உறைகளைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள், கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனேன். எலி வளை மட்டும் வைக்கவில்லை. கேட்டதற்கு வைத்துவிட்டதாகத் தலையாட்டினேன்.

ஏலத்தன்று அப்பா வருவார் என்று எனக்குத் தெரியாது. யார் வாங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். காரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினோம். ஓடும் காரை ஆறு பேர் தள்ளினோம். சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும் என்பதால் சாவியை ஏலக்காரர் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் மேடையில் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "எஜமானி இறந்துபோன துக்கத்துல ஒரு டிரைவர் இந்த வண்டியைப் பூட்டினாரு. இருபத்திரண்டு வருஷம். ஒரு துணி படலை. ஒரு கை படலை. அந்தத் தூசியைத் தொட்டுடாதீங்க, அதுக்குத்தான் விலையே" என்றார். முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏலம் ஏறிக்கொண்டே போனது. ஓட்டல் முதலாளியும் இன்னொருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். ஓட்டல் வாசலில் கண்ணாடிக் கூண்டு கட்டி, தூசியோடு அப்படியே நிறுத்தப்போவதாக ஓட்டல் முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மூன்று தரம் சொல்லி முடித்தபோது விலை, அப்பாவுக்குக் கொடுத்ததைப் போல முப்பத்தெட்டு மடங்கு.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா காருக்குப் பக்கத்தில் வந்தார். நல்ல கண்ணைப் பானெட்டுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு விரலால் ஒரு கோடு போட்டார். அந்த விரலை முகர்ந்தார். அதன் பிறகு விரலைத் தன் இஸ்திரிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் சட்டையில் அழுக்குத் துடைத்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். ரயில் கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் நிற்கும்போது, "மெழுகு போட்டியா?" என்று கேட்டார். "போட்டேன்" என்றேன். "சரி" என்றார். ரயில் போனது. அதன் பிறகு இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டவும் இல்லை. மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை.

கார் லாரியில் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டதாம். தார்ப்பாயின் முன்கட்டு அவிழ்ந்து, காரின் முன் பாதி நனைந்திருக்கிறது. முறைப்படி மெழுகை எடுத்துவிட்டுப் போட்டிருந்தால் தூசி சேறாகிக் காய்ந்து இன்னும் பழசாகத் தெரிந்திருக்கும். மெழுகு இருந்ததால் மொத்தமும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஓட்டல் வாசலில் இறக்கும்போது பின் பாதி இருபத்திரண்டு வருடப் பழசாகவும் முன் பாதி நேற்று மெழுகு போட்டதாகவும் இருந்திருக்கிறது. மெக்கானிக் ஒருவர் சாவியைத் திருப்பிப் பார்க்க, முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.

ஓட்டல் முதலாளி புகார் கொடுக்க வந்தபோது நடந்ததை எழுத்தர் இன்று அம்மாவிடம் சொன்னார். "என்ன சார் புகார்?" என்று கேட்டிருக்கிறார். "வண்டி ஓடுது சார்" என்றாராம். "ஓடுனா நல்லதுதானே?" "ஓடாத வண்டிக்குத்தான் சார் அவ்ளோ குடுத்தேன்!" இதைச் சொல்லும்போது எழுத்தர் சிரித்தார், அம்மாவும் சிரித்துவிட்டு அழுதார்.

அதன் பிறகு ஏலக்காரரை விசாரித்திருக்கிறார்கள். டிரைவர் தூசியோடுதான் காரைக் கொடுத்தார், கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். நேற்று அப்பாவை அழைத்து வந்தார்கள், அம்மாவும் கூட வந்தார். ஏலக்காரர், "தூசி யார் போட்டதுன்னு நான் சொல்லட்டுமா? அவர் பொண்ணு என்கிட்டதான் வேலை பார்த்தா" என்று ஆரம்பித்ததும், அப்பா இடையில் புகுந்து, "நான்தான் போட்டேன்" என்றாராம். அதன் பிறகு எதைக் கேட்டாலும் ஆமாம் என்றாராம். இருபத்திரண்டு வருடம் தொடாமல் கிடந்தது என்று அந்தக் காரைப் பற்றி அவரே பொய் சொன்னாரா என்று கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாராம். அதற்கும் ஆமாம் என்றிருக்கிறார்.

இதுவரை காலையில் எழுதியது. இனி எழுதுவது பகல் ஒரு மணிக்குச் சேர்த்தது.

நான் எழுதியதை வாசித்துவிட்டு ஆய்வாளர் அம்மா, "அவரும் நான்தாங்கிறாரு, நீயும் நான்தாங்கிற. எதை நம்புறது?" என்று கேட்டார். அதன் பிறகு நிலையத்தின் பின்புற வளாகத்தில் நிறுத்தியிருக்கும் காருக்கு என்னைக் கூட்டிப்போனார். எழுத்தர் என் சல்லடையையும் டப்பாக்களையும் எடுத்து வந்தார். அப்பாவையும் அழைத்து வந்தார்கள். ஒரே இரவில் அவர் தாடி வளர்ந்தது போல இருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மாவிடம், "இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்த?" என்றார். "நான் எங்க கூட்டிட்டு வந்தேன், அவதான் என்னைக் கூட்டிட்டு வந்தா" என்றார் அம்மா.

ஆய்வாளர் அம்மா அப்பாவிடம் சல்லடையைக் கொடுத்து, மழையில் கழுவிப்போன பானெட்டைக் காட்டி, "எப்படிப் போட்டீங்கன்னு போட்டுக் காட்டுங்க" என்றார். அப்பா சல்லடையை வாங்கிக்கொண்டார். எழுத்தர் அதில் ஒரு கை சாம்பலைப் போட்டார். அது கடைசியில் போட வேண்டியது. கஞ்சி தெளிக்கவில்லை என்பதும் அப்பாவுக்குத் தெரியவில்லை. சல்லடையைப் பானெட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டவில்லை. சல்லடை சற்றுச் சாய்ந்ததில் தானாகக் கொஞ்சம் விழுந்தது, ஒரு தட்டளவு. விழுந்ததும் சல்லடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டார். துடைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு சல்லடையை என்னிடம் கொடுத்தார்கள். குப்பியில் கஞ்சி மீதி இருந்தது. அப்பாவுக்கு முன்னால் போட வேண்டுமா என்று ஆய்வாளர் அம்மாவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தார். தெளித்தேன். முதல் டப்பா, இரண்டாவது, மூன்றாவது. நடுவில் கனமாக, ஓரம் போகப்போக மெலிதாக. நான்கு நிமிடம் ஆனது என்று எழுத்தர் கடிகாரம் பார்த்துச் சொன்னார். பானெட்டுக்கும் கதவுக்கும் அப்பால், மழை படாத பின் பாதித் தூசிக்கும் நான் போட்டதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று ஆய்வாளர் அம்மா மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். தெரியவில்லை என்றார்கள். புகைப்படம் எடுத்தார்கள். அப்பா அவ்வளவு நேரமும் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் போட்டதைத் துடைத்துவிடலாமா என்று எழுதிக் கேட்டேன். இப்போது போட்டதை மட்டும் துடைக்கலாம், பின் பாதியைத் தொடக் கூடாது என்றார்கள். அம்மா தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். துடைத்தேன். மெழுகு இன்னும் இருந்தது, ஒரே இழுப்பில் வந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "விளக்கு ஓரத்துல விட்டுட்ட" என்றார். அதையும் துடைத்தேன். அதன் பிறகு ஆய்வாளர் அம்மா அவரிடம் நேற்றைய வாக்குமூலத்தைக் காட்டி, இதில் மாற்றிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். "எல்லாத்தையும்" என்றார் அப்பா. இன்று பிற்பகல் அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பதினொரு கார்களுக்கும் நான் தூசி போட்டதற்கு என்னை எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.

எழுதியவர் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டுமாம். என்னால் முடியாது என்று தலையசைத்தேன். அதன் பிறகு காரைக் காட்டினேன். ஆய்வாளர் அம்மாவுக்குப் புரிய அம்மா சொல்ல வேண்டியிருந்தது. ஆய்வாளர் அனுமதி கொடுத்தார். அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார், நான் பின் இருக்கையில் ஏறி மூன்று கண்ணாடிகளை ஏற்றினேன். நான்காவதை ஏற்றுவதற்கு முன் எழுத்தர் என் பக்கத்துக் கதவை அறைந்தார், சாத்தவில்லை. மறுபடியும் அறைந்தார். அப்பா வந்து, அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, கதவை லேசாகத் தூக்கிச் சாத்தினார். நான் நான்காவது கண்ணாடியையும் ஏற்றினேன்.

இதில் உள்ள முந்தின வரி வரை எல்லாவற்றையும் காருக்குள் வாய்விட்டு வாசித்தேன். நடுவில் எந்தப் பக்கத்தையும் விடவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்து எழுதியது இல்லை, யாருக்கும் பயந்து எழுதியது இல்லை, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இவ்வளவும் நடந்தது. கடைசி வரிகளைப் பின் இருக்கையில் மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது.

(கையெழுத்து)

சாட்சி: தாயார் (கையெழுத்து)
என் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. நன்றாகக் கேட்டது: ஆய்வாளர் (கையெழுத்து)